கடிபட்ட ஏஞ்சல் மீனுக்கு முதலில் தேவை மருந்து அல்ல

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். இரண்டடித் தொட்டியில் இரண்டு ஏஞ்சல், மூன்று டைகர் பார்ப் வளர்க்கிறேன். ஒரு ஏஞ்சலுக்கு வால் கிழிந்து, ஒரு பக்கம் செதிலும் உதிர்ந்துவிட்டது. மூலையிலேயே நிற்கிறது. கடையில் நோய் என்று சொல்லி நீல மருந்து கொடுத்தார்கள். தொட்டியில் ஊற்றலாமா?

பதில்: ஊற்ற வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பெரும்பாலும் பார்ப் கடித்த காயம். நோயால் துடுப்பு அழுகினால் ஓரம் வெளுத்தோ சிவந்தோ இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கடியென்றால் துண்டு துண்டாகப் பிய்ந்திருக்கும், மற்ற ஏஞ்சலின் வாலிலும் சின்னதாக ஒரு வெட்டு தெரியலாம். தீனி போடும்போது பத்து நிமிடம் பாருங்கள், யார் துரத்துகிறார்கள் என்று தெரிந்துவிடும். நீல மருந்தான மெத்திலீன் ப்ளூ ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். அப்புறம் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்க அந்த பாக்டீரியா இல்லாமல், அது தண்ணீரில் ஏறி, காயம்படாத மீன்களும் தவிக்கும்.

இன்றே அந்த ஏஞ்சலைத் தனியாக எடுங்கள். வலையில் பிடித்தால் கிழிந்த துடுப்பு சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவால் தண்ணீரோடு அள்ளுங்கள். சோப்பு படாத 20 லிட்டர் டப் போதும். தொட்டித் தண்ணீரையே அதில் நிரப்பி, ஏர் பம்ப் வையுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருந்தால் தொட்டியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதையே டப்புக்கு மாற்றி வையுங்கள். மேலே கொசுவலைத் துணி கட்டுங்கள், பயந்த மீன் குதிக்கும்.

அடுத்து உப்பு. நன்னீர் மீனின் உடலில் உள்ள உப்பு, வெளியே தண்ணீரில் இருப்பதைவிட அதிகம். செதில் போன இடத்தில் தண்ணீர் உள்ளே புகும், உப்பு வெளியே கசியும். அதைச் சரிக்கட்டவே மீனின் தெம்பு போய்விடும். தண்ணீரில் கொஞ்சம் உப்பிருந்தால் அந்தச் சுமை குறையும். லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் 20 லிட்டருக்கு 40 கிராம் கல் உப்பு. இன்று பாதி, நாளை மீதி, இரண்டையும் தனியாகக் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். தினமும் 5 லிட்டர் தண்ணீர் மாற்றுங்கள். மாற்றிய 5 லிட்டருக்கு மட்டும் 10 கிராம் சேருங்கள். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அங்கேயே இருக்கும். இந்த உப்பைப் பெரிய தொட்டியில் போடாதீர்கள், செடி வாடிவிடும்.

மாற்றும் தண்ணீர் எது என்பதில் நம் ஊரில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். போர் தண்ணீர் கடினமாக இருக்கிறதே என்று திடீரென்று கேன் தண்ணீருக்கு மாறாதீர்கள். காயம்பட்ட மீனால் அந்த மாற்றத்தைத் தாங்க முடியாது. பழகிய தண்ணீரே நல்லது. குழாய்த் தண்ணீரென்றால் ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்து, குளோரின் போனபின் ஊற்றுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் டெட்ராசைக்ளின் மாத்திரையைப் போடும் பழக்கமும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கடினத் தண்ணீரிலுள்ள கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும், மீனுக்கு ஒன்றும் போய்ச் சேராது. மஞ்சள் தூளும் வேண்டாம், தண்ணீரைக் கலக்குவதுதான் மிச்சம். காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்று போடலாம், கெடுதல் இல்லை.

வேலூர் வெயிலில் டப்பை மாடி அறையில் வைக்காதீர்கள். சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். 27, 28 டிகிரி நல்லது. கரண்ட் போகும் பகுதியென்றால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

முதல் நாள் தீனி வேண்டாம். பிறகு மிகக் கொஞ்சம். துடுப்பின் அடி பிழைத்திருந்தால், ஓரத்தில் கண்ணாடி போலப் புதுச் சவ்வு வளரும். அதை அழுகல் என்று நினைத்துப் பதற வேண்டாம். பஞ்சு போல வெள்ளையாகப் படர்ந்தால் அது பூஞ்சை. அப்போது நீல மருந்தை, பாட்டிலில் எழுதிய அளவில், ஃபில்டரை எடுத்துவிட்டு டப்பில் மட்டும் பயன்படுத்துங்கள். காயம் சிவந்து குழிவிழுந்தாலோ உடல் வீங்கினாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

குணமானதும் அதே கூட்டத்தில் விட்டால் மறுபடி கடிதான். டைகர் பார்ப் ஆறுக்குக் குறைந்தால் தங்களுக்குள் விரட்டி விளையாடுவதை விட்டுவிட்டு, நீளத் துடுப்பு மீன்களைத் துரத்தும். இரண்டடித் தொட்டியில் ஐம்பது லிட்டர்தான் நிற்கும். அங்கே பார்ப்பைக் கூட்டிச் சரிசெய்ய இடமில்லை. ஏஞ்சல் டப்பில் இருக்கும்போதே மூன்று பார்ப்பையும் கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். எடுத்துக்கொள்ள ஆளில்லை என்று பாலாற்றிலோ ஏரியிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள்.