குடியிலிருந்து வந்ததா அந்தப் பாட்டு?

அன்புள்ள ஐயா,

அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் ஹேங்க் வில்லியம்ஸின் பாடல்களைக் கொஞ்ச நாளாக விடாமல் கேட்டு வருகிறேன். அந்த ஆர்வத்தில் அவரைப் பற்றிய 'ஐ சா த லைட்' படத்தைப் பார்த்தேன். மார்வல் படங்களில் லோகியாக நடித்த டாம் ஹிடில்ஸ்டன்தான் ஹேங்க். நன்றாகவே பாடியிருக்கிறார். ஆனால் படம் நெடுகக் குடி, மனைவியோடு சண்டை, முதுகுவலி, மருந்து, மறுபடி குடி. முடிந்தபோது எனக்குச் சலிப்புதான் மிஞ்சியது. கூடப் பார்த்த நண்பர், "அந்த ஆள் அப்படிச் சீரழிந்ததால்தான் அந்தப் பாட்டெல்லாம் வந்தது. ஒழுங்காக இருந்திருந்தால் ஒன்றும் வந்திருக்காது" என்றார். எனக்கு மறுத்துப் பேசத் தெரியவில்லை, ஒப்புக்கொள்ளவும் மனமில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் சொல்வதை நான் கொஞ்சமும் ஏற்கவில்லை. கலைஞன் என்றால் குடித்துச் சீரழிந்தாக வேண்டும் என்ற நினைப்பு நம்மில் பலருக்கு ஊறிப் போயிருக்கிறது. இந்தப் படத்தை எடுத்த மார்க் ஆப்ரஹாமுக்கும் அது இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. படம் 2015இல் டொரன்டோ திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, அடுத்த வருடம் அமெரிக்காவில் வெளியாகி, வந்த சுவடு தெரியாமல் போனது. ஹிடில்ஸ்டன் மேல் எனக்குக் குறையில்லை. இங்கிலாந்துக்காரர் ஒருவர் அலபாமாக்காரரின் குரலைப் பிடிப்பது லேசுப்பட்ட வேலையா? கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் போய், பாடகர் ராட்னி க்ரோவலிடம் பயிற்சி எடுத்துக்கொண்டு சொந்தக் குரலில் பாடியிருக்கிறார். தொடக்கத்தில், மேலிருந்து விழும் ஒற்றை வெளிச்சத்தில், வாத்தியமே இல்லாமல் 'கோல்ட், கோல்ட் ஹார்ட்' பாடுகிறாரே, அதைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம் 1944, அண்டலூஷியா ஊர் பெட்ரோல் பங்க்கில் ஆட்ரியோடு கல்யாணம். அங்கிருந்து படம் இறங்குமுகம்தான்.

1944இல் கதையைத் தொடங்கினால் என்ன விட்டுப்போகும் என்று யோசித்துப் பாருங்கள். ரூஃபஸ் பெய்ன் விட்டுப்போவார். 'டீ டாட்' என்று ஊரில் கூப்பிடுவார்கள். அலபாமாவில் ஜார்ஜியானா, கிரீன்வில் போன்ற சின்ன ஊர்களின் தெருக்களில் பாடிப் பிழைத்த கறுப்பினக் கலைஞர். ஹேங்க்கின் அப்பா முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் வருடக்கணக்காகக் கிடந்தார். அம்மா லில்லி ஆட்களைத் தங்கவைத்துச் சோறு போட்டுக் குடும்பத்தை ஓட்டினார். பையன் டீ டாட்டின் பின்னாலேயே சுற்றினான். சில்லறைக் காசோ, அம்மா சமைத்த சாப்பாடோதான் குருவுக்குச் சம்பளம் என்று சொல்வார்கள். கிதாரில் தாளத்தை எப்படிப் பிடிப்பது, ப்ளூஸில் குரலை எங்கே வளைப்பது, தெருவில் போகிறவரை எப்படி நிற்கவைப்பது, எல்லாம் அங்கே கற்றதுதான். இசை என்று தனக்குக் கிடைத்த பயிற்சி முழுக்க அவரிடமிருந்துதான் என்று ஹேங்க் பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார். நிற வேற்றுமை சட்டமாகவே இருந்த காலத்து அலபாமாவில் ஒரு வெள்ளைக்கார நட்சத்திரம் சொன்னது இது. பெய்ன் 1939இல் மான்ட்கமரியில் வறுமையில் செத்துப்போனார். அந்தத் தெருவை நம் கண்ணில் காட்டாமல் ஹேங்க்கின் குரல் எங்கிருந்து வந்தது என்று எந்தப் படமும் விளக்கிவிட முடியாது.

சரி, வலிக்கு வருவோம். அவருக்கு இருந்தது முதுகுத்தண்டு எலும்பு சரியாக மூடாத பிறவிக் குறை. இரவு முழுக்கக் காரில் போய், மறுநாள் மேடையில் நின்று பாடி, மறுபடி காரில் ஏறுகிற பிழைப்பு அந்த முதுகை என்ன பாடு படுத்தியிருக்கும்! 1951 டிசம்பரில் அறுவை சிகிச்சை செய்தும் வலி தீரவில்லை. அடுத்த வருடம் மனைவி விவாகரத்து வாங்கினார், ஆகஸ்டில் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி நிகழ்ச்சியிலிருந்து நீக்கினார்கள். அப்புறம் டோபி மார்ஷல் என்ற ஆள் வந்து சேர்ந்தார். காசு கொடுத்து வாங்கிய சான்றிதழை வைத்துக்கொண்டு டாக்டர் என்று திரிந்தவர். க்ளோரல் ஹைட்ரேட் என்ற தூக்க மருந்தைக் கேட்டபோதெல்லாம் எழுதிக் கொடுத்தார். 1953 புத்தாண்டு அன்று, ஒஹையோவில் கச்சேரிக்குப் போகிற வழியில், மேற்கு வர்ஜீனியாவின் ஓக் ஹில்லில் காரின் பின்சீட்டில் ஹேங்க் இறந்து கிடந்தார். வயது 29. ஒழுங்கான வைத்தியம் கிடைக்காத ஒரு நோயாளியின் சாவு அது. அதைப் பாட்டுக்குக் கொடுத்த விலை என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

உங்கள் நண்பர் ஒன்று கேட்கலாம்: அவ்வளவு மோசமான அந்த 1952இல்தானே 'யுவர் சீட்டின் ஹார்ட்' வந்தது? ஆமாம், வந்தது. எப்படி வந்தது என்று பார்ப்போம். செப்டம்பர் 23, நாஷ்வில்லில் காஸில் ஸ்டுடியோ. ஒரே அமர்வில் நான்கு பாட்டு, அதில் இது ஒன்று. அன்றைக்குப் பதிவான இன்னொன்று 'டேக் தீஸ் செய்ன்ஸ் ஃப்ரம் மை ஹார்ட்'. இதயத்துச் சங்கிலியை அவிழ்த்து விடு என்று கெஞ்சுகிற பாட்டு. கேட்கிற யாரும் ஹேங்க் தன் சொந்தக் கதையைச் சொல்கிறார் என்றுதான் நினைப்பார்கள். எழுதியது ஹேங்க் இல்லை. அவருடைய பாடல் பதிப்பாளர் ஃப்ரெட் ரோஸும் ஹை ஹீத்தும் சேர்ந்து எழுதியது. ரோஸ் ஒரு காலத்தில் தானும் குடியில் மூழ்கி, பிறகு அதை விட்டவர். சிகாகோவிலும் நியூயார்க்கிலும் தொழில்முறைப் பாடலாசிரியராக இருந்து, நாஷ்வில் வந்து பாடகர் ராய் ஏகஃபுடன் சேர்ந்து பாடல் பதிப்பு நிறுவனம் தொடங்கியவர். 1946இல் தன்னிடம் வந்த அந்த ஒல்லி இளைஞனின் வரிகளை வாங்கிப் பார்த்து, சரி செய்து, எது நிற்கும், எது நிற்காது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். படத்தில் பிராட்லி விட்ஃபோர்ட் அந்த வேடத்தில் வருகிறார். ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு பாட்டைப் பிரித்துச் சேர்க்கும் அந்த வேலைக்குப் படம் நேரம் ஒதுக்கவில்லை. ஆட்ரியோடு போடும் சண்டைக்கு மட்டும் எவ்வளவோ நேரம் இருக்கிறது.

அந்த செப்டம்பர் அமர்வுதான் கடைசி. அதற்கப்புறம் மூன்று மாதம் உயிரோடு இருந்தார். ஸ்டுடியோவில் மறுபடி ஒரு பாட்டும் பதிவாகவில்லை. குடியும் மருந்தும் பாட்டுக்குச் செய்தது இதுதான்.

'ஐ'ம் ஸோ லோன்ஸம் ஐ குட் க்ரை' பாட்டை அடுத்த முறை கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். 1949இல் பதிவானது. நான்கே பத்தி, நடுவில் பல்லவி கிடையாது. மூன்று எண்ணிக்கையில் நடக்கும் வால்ட்ஸ் தாளம். முதலில் இரவுப் பறவை ஒன்றின் குரல், தூரத்தில் நள்ளிரவு ரயில். அழுகை வருகிறது என்கிறார். இரண்டாம் பத்தி முடிவில் அதே வரி வரும் என்று காத்திருக்கிறோம், அங்கே நிலா மேகத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுகிறது. அப்புறம் இலை உதிரும்போது அழும் ராபின் பறவை, அப்புறம் எரிந்து விழும் நட்சத்திரம். யாருக்காக இத்தனை ஏக்கம் என்று இதுவரை ஒரு பேச்சும் இல்லை. கடைசிக்கு முந்தைய வரியில்தான், நீ எங்கே இருக்கிறாயோ என்று ஒரே ஒரு தடவை கேட்கிறார். அவ்வளவு நேரம் அதை உள்ளே வைத்திருந்து அங்கே வெளியே எடுக்க, வரிகளை ஒவ்வொன்றாக எடைபோடும் கை வேண்டும். போதையில் உளறுகிறவனால் ஆகிற காரியமா இது?

வாழ்க்கைப் படத்தில் இந்தப் பக்கத்தைக் காட்டவே முடியாது என்று சொல்லாதீர்கள். 1980இல் மைக்கேல் ஆப்டெட் எடுத்த 'கோல் மைனர்ஸ் டாட்டர்' கிடைத்தால் பாருங்கள். கன்ட்ரி பாடகி லொரெட்டா லின்னின் கதை. அவருக்கும் துன்பம் குறைவில்லை, மேடையிலேயே நிலைகுலைகிற காட்சிகூட உண்டு. ஆனால் மனதில் நிற்பது லொரெட்டாவும் கணவரும் இசைத்தட்டுகளைக் காரில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வானொலி நிலையமாக ஏறி இறங்கி, போடுங்கள் என்று கேட்பதுதான். சிஸ்ஸி ஸ்பேசெக் அதற்கு ஆஸ்கர் வாங்கினார்.

உங்களுக்கு ஹேங்க் மேல் வந்த சலிப்பு போக ஒரு வழி இருக்கிறது. 1951இல் நாஷ்வில் டபிள்யூ.எஸ்.எம். வானொலியில் 'மதர்ஸ் பெஸ்ட்' மாவுக் கம்பெனிக்காகக் காலை ஏழேகால் மணிக்குக் கால் மணி நேர நிகழ்ச்சி நடத்தினார். எழுபதுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளின் பதிவுகள் குப்பைக்குப் போகவிருந்து தப்பி, இப்போது வெளியாகியிருக்கின்றன. வாத்தியக்காரர்களைக் கேலி செய்கிறார், மாவு விற்கிறார், தேவாலயப் பாட்டு பாடுகிறார், வேறு ஆட்களின் பழைய பாட்டுகளை ஆசையாக எடுத்துப் பாடுகிறார். குரலில் அப்படி ஒரு உற்சாகம். நண்பரையும் கூட உட்காரவைத்துக்கொண்டு இரண்டு மூன்று நிகழ்ச்சி கேளுங்கள்.