ஃபிரான்சைஸ் முறையில் ஜிம் தொடங்குகிறேன். கம்பெனி எடுத்திருக்கும் காப்பீடு போதாதா, நானும் தனியாக எடுக்க வேண்டுமா?

போதாது. ஒப்பந்தம் கைக்கு வந்துவிட்டது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் அதில் காப்பீடு பற்றிய பத்தியையும் இழப்பீடு பற்றிய பத்தியையும் இன்றே நிதானமாகப் படியுங்கள். என் ஒப்பந்தத்தில் அவற்றை நான் படிக்கவில்லை.

குன்னூரில் ஆறு ஆண்டுகளாக ஜிம் நடத்துகிறேன். வாசலில் கம்பெனியின் பெயர்ப்பலகை, சுவரில் அவர்கள் சொன்ன நிறம், மாதம் பிறந்தால் வசூலில் அவர்கள் பங்கு. அதனால் காப்பீடும் அவர்கள் பொறுப்பு என்று நம்பியிருந்தேன். அவர்களிடம் பாலிசி இருந்தது உண்மை. ஆனால் அது அவர்களைக் காப்பதற்கு. ஜிம்முக்கு வருபவருக்குக் காயம்பட்டால் நாம் தர வேண்டிய இழப்பீட்டை ஏற்கும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டை நான் என் செலவில் எடுக்க வேண்டும், அதில் கம்பெனியின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மே மாதம். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தலைக்கு மேலுள்ள தண்டைக் கேபிளோடு கீழே இழுக்கும் லாட் புல்டவுன் இயந்திரத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது கேபிள் அறுந்து, இரும்புத் தண்டு அவர் நெற்றியில் இறங்கியது. மலையில் இருப்பவர்களுக்கு இது புரியும்: கேபிளின் கறுப்பு உறை புதிதுபோலப் பளபளத்தது. அறுந்த முனையைப் பிரித்தால், உள்ளே இருந்த இழைகள் பனியிலும் ஈரத்திலும் துருப்பிடித்து, விரல் பட்டதும் தேயிலைத் தூளாக உதிர்ந்தன.

ஸ்கேன் எடுக்க ஊட்டிக்கு அனுப்பினார்கள். 20 கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. சீசனில் வரும் கார்கள் ஆம்புலன்சுக்கு ஒதுங்கக்கூட இடமில்லாமல் நின்றன. மலர்க் கண்காட்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று ஆண்டுதோறும் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த நாட்களில் எங்கள் ஊரில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. கேள்விக்குத் தொடர்பில்லைதான், ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் அவர் தலையைத் துணியால் அழுத்திப் பிடித்திருந்தவன் நான்.

"தம்பி, நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் இந்தச் செலவை என் பென்ஷன் தாங்காது" என்றார் டீச்சர். நியாயம்தானே? சேரும்போது 'காயத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அவர் கையெழுத்திட்ட தாளை வக்கீலிடம் காட்டினேன். பராமரிப்பில் குறை இருந்தால் அந்தத் தாள் நிற்காது என்றார். கம்பெனியிலிருந்து, ஒப்பந்தப்படி பொறுப்பு உங்களுடையது என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. என் சீட்டுப் பணம் முழுவதும் அதில் போனது.

'சட்டத்தில் கட்டாயம் இல்லையே' என்று யாராவது எழுதுவீர்கள். 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் அபாயகரமான பொருட்களைக் கையாளுபவர்களுக்கானது, ஜிம்முக்கு அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் உங்களைக் கட்டுவது நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தம். காயம்பட்டவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

ஊழியர்கள் 10 பேரை எட்டினால் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு வந்துவிடும், சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு. அதற்குக் குறைவான ஆட்கள் என்றாலும் அவர்களுக்கு விபத்து இழப்பீட்டுப் பாலிசி எடுத்துவிடுங்கள்.

இயந்திரங்களுக்குத் தீ விபத்துப் பாலிசி எடுக்கும்போது அதில் நிலச்சரிவு சேர்ந்திருக்கிறதா என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேளுங்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்துச் சொல்லாதீர்கள். 20 லட்சம் பெறும் பொருளை 12 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், அதே விகிதத்தில் 5 லட்சம் சேதத்துக்கு 3 லட்சம்தான் கிடைக்கும்.

இப்போது திங்கட்கிழமை காலையில் ஜிம்மைத் திறக்கும் முன் ஒவ்வொரு கேபிளையும் டார்ச் அடித்து, முனையை வளைத்துப் பார்த்து, தேதியோடு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுகிறேன். பராமரிப்பு இல்லை என்று காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாதபடி, காப்பீட்டு நிறுவனத்திடம் காட்ட அந்தப் பதிவேடு என்னிடம் இருக்கும்.