ஓலை வாசிக்கும் நேரத்தில்

கேள்வி: படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் இளைஞர்களுக்காக ஆலயம் ஜெபிப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? (வாசகர், ஏற்காடு)

பதில்: 1917-இல் உங்கள் ஊரில் மான்ட்ஃபோர்ட் பள்ளி தொடங்கிய காலம்தொட்டுக் கல்வி கொடுத்துப் பழகிய திருச்சபை, படிப்புக்கும் பிழைப்புக்கும் இடையிலுள்ள பள்ளத்தை இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை என்பதே என் எண்ணம். ஐ.டி.ஐ.யில் வெல்டர் பயிற்சி ஓராண்டு, எலக்ட்ரீஷியன் பயிற்சி இரண்டாண்டு. அதன்பின் 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி உதவித்தொகையுடன் தொழிற்சாலையில் பழகலாம். இதற்கான விண்ணப்ப நாளை, ஞாயிறு திருப்பலியில் திருமண ஓலை (நடக்கவிருக்கும் திருமணங்களின் அறிவிப்பு) வாசிக்கும்போதே சேர்த்து அறிவிக்கலாமே! ஆனால் காபித் தோட்டத் தொழிலாளியின் மகனைத் தடுப்பது பெரும்பாலும் கட்டணமன்று. தினமும் மலையிறங்கிச் சேலம் சென்று திரும்பும் அலைச்சலும், கீழே தங்க இடமில்லாமையும்தான். சேலத்துப் பங்கு ஆலயமொன்று தன் மண்டபத்தின் ஓர் அறையை நான்கு பையன்களுக்கு ஒதுக்கினால், அது பத்துக் கருத்தரங்குகளைவிடப் பயன் தரும்.