காலண்டரில் அச்சான ஓவியம் யாருக்குச் சொந்தம்?

வாசகர் கேள்வி – சட்ட பதில்

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் சிவகாசியில் உள்ள ஓர் அச்சகத்துக்கு மாதக் காலண்டருக்காக நான்கு முருகன் படங்கள் கொடுத்தேன். இரண்டு படங்கள் நான் முன்பே வரைந்து வைத்திருந்தவை. மற்ற இரண்டும் அவர்கள் கேட்டபடி வரைந்து கொடுத்தவை. படத்துக்கு இவ்வளவு என்று ரொக்கமாகத் தந்தார்கள்; எழுத்தில் எதுவும் இல்லை. இந்த ஆண்டு நான்கு படங்களும், என் கையெழுத்து நீக்கப்பட்டு, அவர்கள் அச்சிடும் நோட்டுப் புத்தக அட்டைகளில் வந்துள்ளன. கேட்டால், "அன்றைக்கே காசு வாங்கிவிட்டீர்களே" என்கிறார்கள். எனக்கு உரிமை உண்டா?
– ஓர் ஓவியர், விருதுநகர் மாவட்டம்

பதில்: உண்டு. ஆனால் நான்கு படங்களுக்கும் ஒரே அளவில் இல்லை.

முன்பே வரைந்திருந்த இரண்டையும் முதலில் எடுத்துக்கொள்வோம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்தை வரைந்தவரே அதன் முதல் உரிமையாளர். ஓவியத்தை விலை கொடுத்து வாங்கியவருக்கு அந்தத் தாள் சொந்தமாகலாம். அதைப் படியெடுத்து அச்சிடும் உரிமை அதனோடு சேர்ந்து போய்விடாது. அந்த உரிமையைக் கைமாற்றுவதற்கு உரிமையாளர் கையொப்பமிட்ட ஆவணம் வேண்டும் என்கிறது 19ஆவது பிரிவு. ஆகவே, காலண்டரில் அச்சிட நீங்கள் அனுமதித்தீர்கள் என்பதற்கு மேல் அச்சகத்தார் எதையும் கோருவது கடினம்.

அவர்கள் கேட்டு வரைந்த படங்களின் நிலை வேறு. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று வரையப்பட்ட ஓவியத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர் என்கிறது 17ஆவது பிரிவு. உழைத்து வரைந்தவருக்கு இது வருத்தம் தரும் விதிதான். ஓவியர்களில் பலர் இதை அறியாமலேயே ஆர்டர் எடுக்கிறார்கள். காலண்டருக்கு மட்டும் என்று பேசி முடித்ததைக் காட்டும் வாட்ஸ்அப் செய்தியோ, சாட்சியோ இருந்தால் அதுவே உங்களுக்குப் பெரிய பலம்.

எனினும் நான்கு படங்களுக்கும் பொதுவான உரிமை ஒன்று உங்களிடமே இருக்கிறது. பதிப்புரிமையை முழுவதுமாகக் கொடுத்துவிட்ட பின்னும், 'இதை வரைந்தவன் நான்' என்று உரிமை கொண்டாடவும், தம் மதிப்புக்குக் கேடு வரும்படி படைப்பு சிதைக்கப்பட்டால் இழப்பீடு கேட்கவும் 57ஆவது பிரிவு ஓவியருக்கு இடம் தருகிறது. சிற்பி அமர் நாத் சேகல் தில்லி விஞ்ஞான் பவனுக்காகப் படைத்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் அரசு கழற்றியபோது அது சேதமடைந்தது. அவர் தொடுத்த வழக்கில் 2005இல் தில்லி உயர் நீதிமன்றம், சிற்பத்தின் எஞ்சிய பகுதிகளை அவரிடமே ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. உங்கள் கையெழுத்தை நீக்கியதை இந்தப் பிரிவின் கீழ் தனிக் குறையாகவே எழுப்புங்கள்.

இப்போதே பென்சில் வரைவுகள், தேதியுள்ள கைப்பேசிப் படங்கள், பழைய காலண்டர் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். நோட்டுப் புத்தகத்தைப் பில்லுடன் வாங்குங்கள். பிறகு வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். அதில் நான்கு படங்களையும் ஒன்றாகக் கலந்து எழுத வேண்டாம், ஏனெனில் அவர்கள் கேட்டு வரைந்த படங்களுக்கும் பதிப்புரிமை கோரினால் அது ஆதாரமற்ற மிரட்டல் எனப்படலாம்; அத்தகைய மிரட்டலுக்கு எதிராக வழக்குத் தொடர 60ஆவது பிரிவு அவர்களுக்கும் வழிவிடுகிறது. அவர்கள் இணங்காவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நீதிமன்றத்திலேயே தடையுத்தரவும் இழப்பீடும் கேட்கலாம். தெரிந்தே உரிமையை மீறுவது 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றமும்கூட. ஆயினும் அச்சு நிற்பதும் பணம் வருவதும்தான் உங்கள் தேவை என்பதால், காவல் நிலையத்தில் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: படங்களைப் பதிவு செய்யாவிட்டால் வழக்குத் தொடர முடியாதா? உறையிலிட்டு நமக்கே பதிவுத் தபாலில் அனுப்பிக்கொண்டால் போதும் என்கிறார்களே?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: வரைந்த கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயம் இல்லை. தபால் உறைக்குச் சட்டத்தில் தனி இடம் எதுவும் கிடையாது. காலி உறையை ஒட்டாமல் அனுப்பிவிட்டுப் பிறகு எதையும் உள்ளே வைக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொன்னால், அந்தச் சான்று வலுவிழந்துவிடும். பதிப்புரிமைப் பதிவேட்டில் உள்ள பதிவையோ 48ஆவது பிரிவின்படி நீதிமன்றம் முதல்நிலைச் சான்றாக ஏற்கும். கட்டணம் ஓவியம் ஒன்றுக்கு 500 ரூபாய். விற்பனைப் பொருள்களில் பயன்படக்கூடிய ஓவியமானால் 2,000 ரூபாய். எல்லாவற்றையும் பதிவு செய்யும் வசதி இல்லையென்றால், பிறர் எடுத்தாளக்கூடும் என்று நீங்கள் கருதும் சில படங்களையாவது பதிவு செய்யுங்கள்.

இனி ஆர்டர் எடுக்கும்போது, பதிப்புரிமை ஓவியருக்கே என்பதையும், படம் எதற்கு, எத்தனை ஆண்டுக்கு, எந்த ஊர்களில் பயன்படும் என்பதையும் அரைப் பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும் ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் கொள்ளும்.