மொறிஸ் மைனர் என்ஜின்: பூட்டுவதற்கு முன் வாங்குவது எப்படி? (கேள்வி-பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே காரைப் பற்றியவை. 1962இலிருந்து 1971 வரை வந்த மொறிஸ் மைனரின் 1098 சி.சி. என்ஜினைச் செய்து, அதாவது கழற்றிப் புதுப்பித்து, திரும்பப் பூட்டுகிறவர்கள் எழுதியிருக்கிறார்கள். கீழே ‘தௌ’ என்று வருவதெல்லாம் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிராங் என்பது பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு, அது பெயரிங்குக்குள் சுழலும் உருண்டைப் பகுதிதான் ஜேர்னல். தேய்ந்த ஜேர்னலைப் பட்டறையில் பத்து, இருபது தௌ என்று அரைத்துச் சிறிதாக்கி, அதே எண்ணின் பெயரிங்கைப் போடுவார்கள்.

கோப்பாய்: 1966 மைனரின் கிராங்கை லேத் பட்டறையில் கொடுத்தேன். ‘பத்து அடிச்சிருக்கு’ என்றார்கள். பத்துத் தௌ பெயரிங் செட் வாங்கிப் பூட்டினேன். என்ஜின் சூடானதும் ஒயில் லைட் அணையவில்லை, அடியில் தடதடவென்று சத்தம். கழற்றி வேறிடத்தில் அளந்தால் மெயின் ஜேர்னல் 1.7305 அங்குலம். பட்டறைக்காரர் ‘பெயரிங் கூடாது, பூட்டினதும் பிழை’ என்கிறார். பில்லில் ‘கிராங் வேலை’ என்று மட்டும் இருக்கிறது.

பூட்டியதில் பிழை இல்லை, ஐயா. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இந்தக் கிராங்கின் மெயின் ஜேர்னல் புதிதில் 1.7505 முதல் 1.7510 வரை. 1.7305 என்றால் இருபது தௌ எடுத்திருக்கிறார்கள். வாயால் சொன்னது பத்து. இருபது எடுத்த ஜேர்னலுக்குப் பத்தின் பெயரிங்கைப் போட்டால் இருக்க வேண்டிய இடைவெளிக்கு மேலே இன்னும் பத்துத் தௌ சேர்ந்துவிடும். இருக்க வேண்டியது அரைத் தௌவிலிருந்து இரண்டு தௌ வரைதான். பம்ப் தள்ளுகிற ஒயில் எல்லாம் அந்த இடைவெளியால் வழிந்து போகிறது. ஒயில் இளகாமல் இருக்கும்வரை தாக்குப்பிடிக்கும், சூடானதும் பிரஷர் விழும். நீங்கள் எழுதிய அறிகுறி அதுவேதான்.

முதலில் உரிமையைப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். முறைப்பாட்டை எழுத்தில், வேலை முடிந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ‘அடுத்த கிழமை பார்ப்போம்’ என்று பட்டறைக்காரர் இழுத்தடிக்கும்போதும் அந்த மூன்று மாதம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இரண்டாவது பட்டறையில் எடுத்த அளவைக் கையொப்பத்தோடு வாங்குங்கள். பழுதான பெயரிங்கின் முதுகில் ‘010’ என்று அடித்திருப்பதைப் படம் எடுங்கள், பெயரிங்கை எறிந்துவிடாதீர்கள். அதிகாரசபையின் தொலைபேசி 1977. பேசினால் மட்டும் போதாது, கடிதமும் போக வேண்டும்.

இனிக் கிராங். மெயின் ஜேர்னல் மூன்று, பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ரொட் ஏறுகிற ‘பின்’ ஜேர்னல் நான்கு. ஏழையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். மெயினில் இருபதும் பின்னில் பத்தும் எடுத்திருக்கலாம், அதில் பிழை ஒன்றுமில்லை, சொல்லாமல் விட்டதுதான் பிழை. பின்னின் புது அளவு 1.6254 முதல் 1.6259 வரை. ஜேர்னலில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், கீறலில் நகம் சிக்காவிட்டால் மெருகு போட்டு இருபதின் மெயின் பெயரிங் பூட்டினால் போதும். சிக்கினால் முப்பதுக்குப் போக வேண்டும். அதற்கப்புறம் மிஞ்சுவது நாற்பது மட்டும்.

இதைப் பற்றி நான் இங்கே பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். லேத் பட்டறைக்காரர் செய்கிற வேலை கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் காசு கொடுப்பது ஓர் அளவுக்கு. அந்த அளவைத் தாளில் எழுதித் தராதவரிடம் நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது, அவராலும் முடியாது. ஒரு சட்டையின் கழுத்தளவைத் தையல்காரர் கொப்பியில் எழுதி வைக்கிறார், என்ஜினுக்கு ஏன் எழுதக் கூடாது? கிராங்குக்கு ஏழு ஜேர்னலும், ஒவ்வொன்றும் குறுக்காக இரண்டு திசையில். பிளொக்குக்கு நாலு சிலிண்டரும், ஒவ்வொன்றிலும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில். எந்தப் பிஸ்டனுக்கு எவ்வளவு இடைவெளி விட்டார்கள் என்பது. எல்லாம் அரைத் தாளில் அடங்கும். கேட்டால் முகம் சுளிக்கிற பட்டறையில் கிராங்கை இறக்காதீர்கள். நல்ல பட்டறைகள் கேட்காமலே தருகின்றன, இந்த நாட்டில் அப்படிப்பட்ட கைகள் இன்னும் இருக்கின்றன. வாங்குகிறபோது பற்றுச்சீட்டையும் கேளுங்கள். கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம்.

நீர்கொழும்பு: ஹெட் காஸ்கெட் செம்புதானே, பார்க்க நன்றாக இருக்கிறது. சிலிக்கன் பூசித் திரும்பப் போடலாமா?

கூடாது. ஒருமுறை நசுங்கியது இரண்டாம் முறை நசுங்காது. சிலிக்கன் பிதுங்கித் தண்ணீர்த் துளைக்குள் போகும்.

கண்டி: பிஸ்டன் செட் ஒன்று மலிவாகக் கிடைத்தது, நாற்பது தௌ ஓவர்சைஸ் (புது அளவைவிட அவ்வளவு பெரியது). வாங்கிவிட்டேன். பிறகு பிளொக்கைக் காட்டினால் இருபதே போதும் என்கிறார்கள். நாற்பதுக்கே போரிங் செய்து சிலிண்டரைப் பெரிதாக்கிவிடலாமா? பில் எடுக்கவில்லை.

பிளொக்கை அளக்காமல் பிஸ்டன் வாங்கியது ஏன்? இதே கேள்வி மாதாமாதம் வருகிறது. இருபதில் சுத்தமாகிற சிலிண்டரை நாற்பதுக்கு அரைப்பது, இன்னொரு முறை என்ஜின் செய்வதற்கு இருக்கும் இரும்பை இன்றே சீவி எறிவது. நாற்பதுக்குப் பிறகு அறுபது கிடைக்கும், அதற்கப்புறம் சிலிண்டருக்குள் லைனர் என்கிற புதுக் குழாய் அடிக்க வேண்டும். பிஸ்டனை விற்றுவிடுங்கள், நட்டம் வந்தாலும் பரவாயில்லை. இருபதின் செட்டை வாங்கிக்கொண்டு போய்ப் பட்டறையில் கொடுங்கள். கையில் இருக்கும் பிஸ்டனை அளந்துதான் சிலிண்டரை அரைக்க வேண்டும், பெட்டியில் அச்சடித்த எண்ணைப் பார்த்து அல்ல. பில் இல்லாததால் கடைக்காரரிடம் கேட்க உங்களுக்கு ஒன்றுமில்லை.

வவுனியா: இங்கிலாந்திலிருந்து ஒயில் பம்ப் வரவழைத்தேன். முனையில் நாக்கு இருக்கிறது. என் கேம் ஷாஃப்டின் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) முனையில் ஒரு பின் (ஆணி) இருக்கிறது. அரத்தால் வெட்டிச் சரிசெய்யலாமா?

அரத்தைத் தொடாதீர்கள். மைனருக்கும் மினிக்கும் பொதுவான இந்தக் குடும்பத்து என்ஜின்களில் பம்ப் கேம் ஷாஃப்டின் பின்முனையில் ஓடுகிறது, இணைப்பு மூன்று விதம். கேமில் பின் இருந்தால் பம்பில் வெட்டு. கேமில் வெட்டு இருந்தால் பம்பில் நாக்கு. மூன்றாவது நட்சத்திர வடிவ இணைப்பு, அது பிற்காலத்து மினிகளில் வந்தது. ஒன்றுக்கொன்று மாறாது. நாக்கை வெட்டினால் அது ஒருநாள் ஓட்டத்தில் முறியும், முறிந்த கணமே பிரஷர் பூச்சியம். மாற்றிக் கேளுங்கள். அடுத்த முறை கேமின் பின்முனையைப் படம் எடுத்து ஓடரோடு அனுப்புங்கள். கேமை யாரோ முன்பே மாற்றியிருக்கலாம், ஆகவே காரின் ஆண்டை மட்டும் சொல்லி வாங்க முடியாது.

புதுப் பம்பையும் அளந்துதான் பூட்ட வேண்டும். உள்ளே சுழலும் இரண்டு ரோட்டர்களில் வெளி ரோட்டருக்கும் பம்பின் உடலுக்கும் இடையில் பத்துத் தௌவுக்கு மேல் கூடாது. இரண்டு ரோட்டர்களின் மேடுகள் சந்திக்கும் இடத்தில் ஆறு. மேல்முகத்தில் ஐந்து. கொழும்பில் ஒரு கடையில் நான் வாங்கிய பம்ப் பெயர்பெற்ற பெட்டியில் இருந்தது. மூடியைத் திறந்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்ததும் இந்த அளவுகளில் இரண்டு தப்பியிருந்தன. ‘பெட்டி திறந்தால் திருப்பி எடுக்க மாட்டோம்’ என்றார்கள். கொழும்பின் உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தையோ வேறெங்கோ, இப்போது நான் கடை மேசையில் திறந்து அளந்த பிறகுதான் காசு கொடுக்கிறேன். அதற்கு விடாத கடையில் நீங்களும் வாங்காதீர்கள்.

மட்டக்களப்பு: எல்லாப் பாகமும் வந்துவிட்டது, அளவுச் சீட்டும் கையில் இருக்கிறது. முதல்முறையாக வீட்டில் பூட்டப்போகிறேன். என்ன கருவி வாங்க வேண்டும்? எங்கே பிழைக்கும்?

உங்களைப் போல் கேட்டுவிட்டுத் தொடங்குகிறவர்களுக்கு எழுதுவது மகிழ்ச்சி. போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று 20 முதல் 80 அடி-இறாத்தல் வரை காட்டும் டோர்க் ரென்ச், ஃபீலர் கேஜ், பிஸ்டன் ரிங்கை அமுக்கிச் சிலிண்டருக்குள் விட ரிங் அமுக்கி, பெயரிங் இடைவெளியை நசுங்கிக் காட்டும் பிளாஸ்டிகேஜ் இழை, பூட்டும்போது பூசுகிற கிரீஸ். டோர்க் ரென்ச்சில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள்.

முதல் வேலை கழுவுவது. போரிங் செய்த சிலிண்டரில் கல்தூள் ஒட்டியிருக்கும். பெட்ரோல் அதை எடுக்காது. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் தூரிகையும் வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும், அதுவரை கழுவிவிட்டு உடனே ஒயில் பூசுங்கள். கிராங்கின் ஒயில் துளைகளைக் கம்பியும் காற்றும் விட்டுத் துப்புரவாக்குங்கள். புதுப் பெயரிங்கைத் தின்பது பெரும்பாலும் இந்தத் துளையில் தங்கிய அரைத்தூள்தான்.

கிராங்கை வைக்கும்போது நடு மெயினின் இரண்டு பக்கமும் வருகிற, கிராங் முன்-பின் நகராமல் தடுக்கும் திரஸ்ட் வொஷரைக் கவனியுங்கள். ஒயில் கால்வாய் வெட்டிய முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் கிளச் மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் அது உலர்ந்து தேயும். முன்-பின் ஆட்டம் இரண்டிலிருந்து மூன்று தௌ. மெயின் போல்ட் 60 அடி-இறாத்தல். ஒவ்வொரு பெயரிங் மூடியையும் இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றுங்கள். எந்த மூடியில் இறுகுகிறதோ அங்கேயே நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள். மூன்றையும் இறுக்கிவிட்டுத் தேடினால் எது பிழை என்று தெரியாது.

ரிங்கைப் பிஸ்டனில் ஏற்றுமுன் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து ஒரு அங்குலம் தள்ளி நேராக்கி, ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள வாயிடைவெளியை அளக்க வேண்டும். ஏழிலிருந்து பன்னிரண்டு தௌ. அதற்குக் குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் முறியும். கனெக்டிங் ரொட்டின் பெரிய முனை ஒரு பக்கம் சரிந்திருக்கும். 1, 3 ஒரு சோடி, 2, 4 மற்றச் சோடி, சோடி மாறினால் பிஸ்டன் குறுக்கே இழுபடும். பிஸ்டனின் தலையில் ‘முன்’ என்ற குறி ரேடியேட்டர் பக்கம். பெரிய முனை போல்ட் 35, பூட்டுத் தகடு புதிது.

டைமிங் சக்கரங்களின் இரண்டு புள்ளிகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும். முன்மூடியின் போல்ட்டுகளை விரலால் மட்டும் பிடித்துவிட்டு, கிராங் புலியைச் சீலுக்குள் நுழைத்து நடுவாக்கிய பிறகே இறுக்குங்கள். பலர் இதைத் தவறவிட்டுவிட்டு ‘புதுச் சீலும் ஒழுகுகிறது’ என்று கடையோடு சண்டை பிடிக்கிறார்கள். ஹெட் நட் நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக, 40. வால்வை அழுத்துகிற ரொக்கரின் தூண் 25. ஃப்ளைவீல் 40.

கேம் புதிது என்றால் அதன்மேல் ஓடுகிற ஃபொலோவரும் (இதையும் டப்பட் என்பார்கள்) புதிதாக இருக்க வேண்டும். பழையதைப் போட்டு மிச்சம் பிடித்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

பேராதனை: என்ஜின் செய்த பிறகு டப்பட் சத்தம். எவ்வளவு வைக்க?

ரொக்கருக்கும் வால்வுக்கும் இடையில், ஆறிய என்ஜினில் 12 தௌ, எட்டு வால்வுக்கும் ஒரே அளவு. ஒன்பதின் கணக்கு: எட்டாவது வால்வு முழுதும் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்ய வேண்டும், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். ரொக்கர் நுனியில் குழி விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் பொய் சொல்லும், குழியை முதலில் பாருங்கள்.

வத்தளை: ‘என்ஜின் செய்து ஆயிரம் கிலோமீற்றர்தான்’ என்று ஒரு மைனர் விலைக்கு வருகிறது. 1098 என்கிறார்கள். எதைப் பார்ப்பது?

பில்லையும் அளவுச் சீட்டையும் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் என்ஜின் செய்யவில்லை என்றே வைத்து விலை பேசுங்கள். என்ஜின் இலக்கம் 10எம்ஏ என்று தொடங்கினால் 1098, 9எம் என்றால் 948. நான்கு சிலிண்டரின் கம்ப்ரெஷனும் (உள்ளே எழும் அழுத்தம்) ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் இருக்க வேண்டும். நீங்கள் போகுமுன் என்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் திரும்பி வந்து, வேறொரு நாள் காலையில் ஆறிய என்ஜினைப் பாருங்கள். இறக்கத்தில் கால் எடுத்து இறங்கி, பிறகு மிதிக்கும்போது நீலப் புகை வந்தால் வால்வு கைடோ (வால்வின் தண்டு ஓடும் குழாய்) ரிங்கோ போயிருக்கிறது.

திருகோணமலை: பூட்டி முடித்துவிட்டேன். விலை கூடிய சிந்தெட்டிக் ஒயில் வாங்கி வைத்திருக்கிறேன். ஸ்டார்ட் செய்யலாமா?

அந்த ஒயில் இப்போது வேண்டாம். ரிங் சிலிண்டரோடு பொருந்த 20டபிள்யூ-50 மினரல் ஒயில் வேண்டும், கேமில் ஓடும் தட்டையான டப்பட்டுகளுக்கு நாகச் சேர்மம் போதுமான அளவு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஃபில்டரோடு சேர்த்து 3.7 லீற்றர் போகும். இந்தப் பம்பை வெளியிலிருந்து தனியே சுழற்ற முடியாது. ஆகவே பிரஷர் ஸ்விட்ச் துளையால் ஒயில் கன் வைத்து நிரப்பி, பிளக் நான்கையும் கழற்றி, ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுற்றுங்கள். ஒயில் லைட் அணைந்த பிறகே பிளக்கைப் போடுங்கள்.

கேம் புதிதானால் பற்றியதும் ஐட்லிங்கில் விடாமல் 2,000 சுற்றுக்கு மேலே இருபது நிமிடம் ஓட வேண்டும். ஐட்லிங்கில் கேமுக்குத் தெறிக்கிற ஒயில் போதாது. அதற்கு முன்பே ரேடியேட்டரில் தண்ணீர், கார்பரேட்டரில் பெட்ரோல், டைமிங் எல்லாம் சரியாக இருக்கட்டும், நிறுத்தி நிறுத்திப் பற்றவைக்கக் கூடாது. 800 கிலோமீற்றரில் ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஆறிய என்ஜினில் ஹெட் நட்டைத் திரும்ப 40க்கு இறுக்குங்கள். ஹெட் கொஞ்சம் இறங்கியிருக்கும், டப்பட் இடைவெளி குறைந்திருக்கும். அதையும் அதே நாளில் 12 தௌவுக்குக் கொண்டுவாருங்கள்.