அலெக்சாந்திரியா நூலகத்துக்குத் தனியாகப் போகிறீர்களா? கேளுங்கள்

அலெக்சாந்திரியாவில் ஆறு வருடம் இருந்தேன். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு பார்க்கிற வேலை. அறையின் புழுக்கம் தாங்காமல்தான் முதலில் நூலகத்துக்குப் போனேன். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. 2002 அக்டோபரில் திறந்த புது நூலகத்தைத்தான் சொல்கிறேன், பிப்ளியோதெக்கா அலெக்சாந்திரினா. அதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். விசா, விமானம், பிரமிடு எல்லாம் என் பாடம் இல்லை.

திருப்பூர் செல்வி: அண்ணா, கெய்ரோவில் நாலு நாள் இருக்கிறேன். டூர் கம்பெனி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். தனியாகப் போகிற பெண், ஒரே நாளில் போய்வர முடியுமா?

தாராளமாகப் போய்வரலாம் தங்கச்சி. கெய்ரோ ராம்சேஸ் ஸ்டேஷனில் காலை ரயில் பிடித்தால் இரண்டரை, மூன்று மணி நேரம். ஊருக்குள் நுழைந்ததும் சிதி காபிர் என்று ஒரு ஸ்டேஷன் வரும், பாதி ரயில் இறங்கும். கூட்டத்தைப் பார்த்து நீங்களும் இறங்கிவிடாதீர்கள். நூலகத்துக்குக் கடைசி ஸ்டேஷனான மஹத்தத் மஸ்ர்தான் பக்கம். இறங்கியதும் திரும்பி வருகிற டிக்கெட்டை வாங்கிக்கொள்ளுங்கள், சாயங்கால ரயில்களில் இடம் பறந்துவிடும்.

டாக்சிக்காரரிடம் வெறுமனே 'மக்தபா' என்று சொல்லக் கூடாது. அரபியில் நூலகமும் மக்தபாதான், நோட்டு பேனா விற்கிற கடையும் மக்தபாதான். வந்த புதிதில் நான் அப்படிச் சொல்ல, அந்த மனிதர் என்னை அக்கறையாக ஒரு ஸ்டேஷனரி கடை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கடைக்காரர் கோடு போட்ட நோட்டா போடாத நோட்டா என்று கேட்டார். 'மக்தபத் இஸ்கந்தரிய்யா' என்று முழுசாகச் சொல்லுங்கள்.

தலையில் துணி போடத் தேவையில்லை, தோளும் முழங்காலும் மறைந்தால் போதும். பல்கலைக்கழகம் ஒட்டியே இருப்பதால் வாசிப்பறை முழுக்க மாணவிகள்தான். அங்கே யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ரோட்டில்தான் ஆபத்து. நூலகத்துக்கும் கடலுக்கும் நடுவே கார்னிஷ் ரோடு ஓடுகிறது. அதில் எந்த வண்டியும் நமக்காக நிற்காது. கடலைப் பார்க்கப் போகிறவர்கள் உள்ளூர்க்காரர் யாராவது கடக்கும்போது அவர் நிழலிலேயே ஒட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

ராஜபாளையம் குமரன்: முதுகுப் பையை உள்ளே கொண்டு போகலாமா?

முடியாது. வாசலில் ஒப்படைத்துவிட்டு டோக்கன் வாங்க வேண்டும். பர்ஸ், போன், பேனா, நோட்டு, பாஸ்போர்ட் மட்டும் கையில்.

மதுரை ஆர்க்கிடெக்சர் மாணவன்: சார், கட்டடத்தைப் பார்க்கத்தான் வருகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

வாங்க தம்பி, இப்படி ஒரு கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

வாசலில் தொடங்காதே. முதலில் பின்னால் போ, தெற்குப் பக்கம். அங்கே ஜன்னலே இல்லாத வளைந்த சுவர் ஒன்று நிற்கும். அஸ்வான் கிரானைட். உலகத்தின் 120 எழுத்து முறைகளிலிருந்து எடுத்த எழுத்துகளை அதில் செதுக்கியிருக்கிறார்கள். கூட்டிப் படிக்கப் பார்க்காதே, வாக்கியம் எதுவும் கிடையாது. மெருகு போடாமல் உடைத்தபடியே விட்ட கல். சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போதுதான் எழுத்துகள் எழும்பி நிற்கும். மத்தியானம் போனால் வெறும் சாம்பல் சுவர்.

அப்புறம் கடல் பக்கம் வா. கட்டடம் மொத்தமும் சாய்த்து வைத்த ஒரு வட்டத் தட்டு, குறுக்களவு 160 மீட்டர். ஒரு ஓரம் தரைக்குக் கீழே புதைந்திருக்கும், மறு ஓரம் 30 மீட்டருக்கு மேல் எழும்பும். கடலிலிருந்து எழுகிற சூரியன் என்பது கற்பனை. நார்வேக் கட்டடக் கலைஞர்களான ஸ்னோஹெட்டா, 1989-இல் முடிவான சர்வதேசப் போட்டியில் ஜெயித்த திட்டம் இது. அப்போது அவர்கள் பெயர் கேள்விப்படாத சின்னக் குழு. கடல் பக்கத்திலேயே இருக்க, கடல் மட்டத்துக்கும் கீழே புத்தக அறை தோண்டியிருக்கிறார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், அந்த மண்ணில் தண்ணீர் கசியாமல் அடித்தளம் போடுவது கூரையைவிடப் பெரிய வித்தை. அதை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

உள்ளே போனதும் முக்கோணமாக நீண்ட ஒரு கண்ணாடி மாடம் வரும். இரண்டாயிரம் வருடத்துக்கும் முன்னால் இந்த ஊரில் இருந்த பழைய நூலகத்துக்கு அட்டவணை போட்ட கல்லிமாக்கஸ் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். அங்கே நின்று கீழே பார். வயல் வரப்பு மாதிரி படிப்படியாக இறங்கும் வாசிப்புத் தளங்கள், சுமார் 2000 பேர் உட்காரலாம். அடித்தட்டில் தத்துவம், மதம், வரலாறு. மேலே ஏற ஏற அறிவியல், தொழில்நுட்பம். கூரையைத் தாங்கும் ஒல்லித் தூண்களின் தலையில் தாமரை மொட்டின் சாயல். கூரைக் கண்ணாடிகளை வடக்கு பார்த்துத் திருப்பியிருக்கிறார்கள். வெயில் நேராக ஒரு புத்தகத்தின் மேலும் விழாது, வெளிச்சம் மட்டும் வடிந்து இறங்கும். நடுநடுவே நீலமும் பச்சையுமாகச் சின்னக் கண்ணாடிகள். பத்து மணிக்கு உட்கார்ந்தால் உன் நோட்டின் மேல் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். பதினோரு மணிக்கு அது பக்கத்து நாற்காலிக்காரரின் முழங்கைக்குப் போயிருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், மாடத்தில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பாதே. டூர் குழுக்கள் அதைத்தான் செய்கின்றன. இறங்கிப் போய் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து படி.

நாகர்கோவில் ஸ்டீபன்: எகிப்து விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும்?

தூதரகத்தைக் கேளுங்கள்.

சேலம் கவிதா: பழைய நூலகத்தின் இடிபாடு உள்ளே எந்தப் பக்கம் இருக்கிறது?

எந்தப் பக்கமும் இல்லை அம்மா. எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சத்துத் தாலமி அரசர்கள் கட்டிய நூலகத்தின் கல் இதுதான் என்று சுட்டிக்காட்ட ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. அரண்மனைப் பகுதி இந்தப் பக்கம்தான் இருந்தது, அதனால் இங்கே கட்டினார்கள். புதுக் கட்டடத்துக்குத் தோண்டியபோது ஒரு மொசைக் தரை கிடைத்தது. கவிழ்ந்த சொம்பின் பக்கத்தில் ஒரு நாய் உட்கார்ந்து, திருட்டு முழி முழித்துக்கொண்டு நம்மைப் பார்க்கும். உள்ளே தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தனி டிக்கெட், ஆனால் அந்த நாய்க்காகவே கொடுக்கலாம்.

பழைய வாசனை வேண்டும் என்றால் ஊரின் தெற்கே செராபியம் கோயில் இருந்த மேட்டுக்குப் போங்கள். நூலகத்தின் கிளை ஒன்று அங்கே இருந்தது. மேலே ஒரு பெரிய ஒற்றைத் தூண். பாம்பேயின் தூண் என்பார்கள், உண்மையில் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனுக்காக நிறுத்தியது.

தென்காசி வாசகர்: அந்த நூலகத்தை எரித்தது அரபுப் படைதானே? அதைச் சொல்லாமல் ஏன் நழுவுகிறீர்கள்?

நழுவவில்லை, யாரும் கேட்கவில்லை. நீங்கள் சொல்வது 642-இல் நகரம் அரபுத் தளபதி அம்ர் இப்னுல் ஆஸ் கைக்கு வந்த காலம். கலீபா உமர் உத்தரவு போட்டார், ஊரில் இருந்த 4000 குளியல் மண்டபங்களுக்கு ஆறு மாதம் புத்தகம்தான் விறகு என்று கதை. கதை எழுத்தில் வருவது எப்போது தெரியுமா? சம்பவத்துக்கு ஐந்து நூற்றாண்டு கழித்து. அதற்கு முன் எகிப்தின் வெற்றியை எழுதியவர்கள், அதில் வயிறெரிந்த கிறித்தவப் பாதிரியார் உட்பட, யாரும் இதைச் சொல்லவில்லை.

பாளையங்கோட்டை ஆசிரியர்: அப்படியானால் பழியைக் கிறித்தவர்கள் தலையில் போடுகிறீர்கள்.

நான் யார் தலையிலும் எதையும் போடவில்லை ஐயா. 391 வாக்கில் பிஷப் தியோபிலஸ் காலத்தில் செராபியம் கோயில் இடிக்கப்பட்டது, அது உண்மை. அப்போது அங்கே புத்தகம் மிச்சம் இருந்ததா என்பதுதான் வழக்கு. அதே காலத்து ரோம வரலாற்றாசிரியர் அம்மியானஸ், அங்கிருந்த நூலகங்களை 'இருந்தன' என்று இறந்தகாலத்தில்தான் எழுதுகிறார்.

தென்காசி வாசகர்: சீசர் எரித்தார் என்று பள்ளியில் படித்தோம். அதுவும் பொய்யா?

பாதி. கி.மு. 48-இல் சீசர் துறைமுகத்தில் கப்பல்களுக்குத் தீ வைத்தார், தீ கரைக்குப் பரவியது. நூலகமே போயிற்று என்கிறார் பழைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க். ரோம வரலாறு எழுதிய காசியஸ் தியோ சொல்வது வேறு: கப்பல் துறைப் பக்கத்துக் கிடங்குகள், தானியமும் புத்தகமும் வைத்திருந்தவை. நான் துறைமுகக் கிடங்கு பார்த்தவன், எனக்குத் தியோ சொல்வதுதான் பொருந்துகிறது. அப்புறம் கி.பி. 272 வாக்கில் ரோமப் பேரரசர் அவுரேலியன் காலச் சண்டையில் அரண்மனைப் பகுதியே நாசமானது. இதற்கெல்லாம் முன்னால், கி.மு. 145 வாக்கில் எட்டாம் தாலமி அறிஞர்களை ஊரைவிட்டே விரட்டினார். பப்பைரஸ் என்பது கோரைத் தாள். ஈரக் காற்றில் தானாகவே உளுத்துப் போகும், திரும்பத் திரும்பப் பிரதி எடுக்க ஆள் வேண்டும். ஆளை விரட்டி, சம்பளத்தை நிறுத்திவிட்டால் தீ எதற்கு? நம் ஊர் ஓலைச்சுவடிகளில் பாதி போனது கரையானால்தானே.

பாளையங்கோட்டை ஆசிரியர்: சாமர்த்தியமாக எல்லாரையும் விடுவித்துவிட்டீர்கள்.

சரி, வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்து வாசகர்: அண்ணை, உங்கட நூலகத்தை யார் எரிச்சது எண்டு ரெண்டாயிரம் வருசமாத் தேடலாம். எங்கட நூலகம் 1981-இல எரிஞ்சதைப் பாத்த ஆக்கள் இன்னும் இருக்கினம். அதை ஒருத்தரும் இங்க கேக்கேல்லை.

உண்மை. 97,000 நூல்கள் என்பார்கள், வேறு பிரதி இல்லாத சுவடிகள் உட்பட. அலெக்சாந்திரியாவில் ஒன்றைப் பார்த்தேன் என்பதால் சொல்கிறேன். 2011 ஜனவரிப் புரட்சியில் இளைஞர்கள் கைகோத்துச் சங்கிலியாக நின்று நூலகத்தைக் காத்தார்கள் என்பதைப் படித்திருப்பீர்கள். அந்தச் சங்கிலிப் படத்தை எங்கள் அலுவலகக் காவலாளி சட்டைப் பையில் வைத்திருந்தார். அவர் பள்ளிக்கூடமே போகாதவர். இந்தப் பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்வோம், தென்காசிக்காரரும் பாளையங்கோட்டை ஆசிரியரும் தனியாகத் தொடரட்டும்.

ஈரோடு பாலா: பேக்பேக் அனுமதி உண்டா?

மேலே குமரனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தஞ்சை மீனாட்சி: நாலு வயசுப் பேரன் வருகிறான். அவனுக்கு என்ன இருக்கிறது தம்பி?

பெரிய வாசிப்பறையில் ஆறு வயதுக்குக் கீழ் விடமாட்டார்கள் அக்கா. சிறுவர் நூலகமும் ஆறிலிருந்துதான். வெளி முற்றத்தில் கோளரங்கத்தின் பெரிய கறுப்பு உருண்டை இருக்கிறது, கடலடியிலிருந்து எடுத்து நிறுத்திய தாலமி அரசரின் பிரம்மாண்ட சிலை இருக்கிறது. பேரன் சுற்றி ஓட இடம் தாராளம். நீங்களும் மருமகளும் முறை வைத்து உள்ளே போய் வாருங்கள். கார்னிஷ் பக்கம் அவன் கையை விடாதீர்கள்.

பொள்ளாச்சி நவீன்: வெள்ளிக்கிழமை காலை போகலாமா?

வேண்டாம், ஜும்மா நாள். ரம்ஜானிலும் நேரம் சுருங்கும். போகிற முந்தின ராத்திரி நூலகத்தின் சொந்தத் தளத்தில் நேரம் பாருங்கள். நான் சொல்வதையும் நம்பாதீர்கள்.

கொடுங்கல்லூர்த் தமிழர்: முசிறிக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் தொடர்பு என்கிறார்களே, அங்கே பார்க்க ஏதாவது உண்டா?

அங்கே இல்லை, வியன்னாவில் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டுப் பப்பைரஸ், ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம், மறு பக்கம் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு. கங்கைக் கரைச் சடாமாஞ்சி என்ற வாசனை வேர், யானைத் தந்தம். முசிறியிலிருந்து செங்கடல், அங்கிருந்து ஒட்டகத்தில் பாலைவனம், நைல் நதியில் படகு, கடைசியில் அலெக்சாந்திரியா. சரக்கில் நாலில் ஒரு பங்கு சுங்கம். மதிப்புப் போட்ட விதத்தைப் பார்த்தால் இன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் போடுகிற மாதிரியே இருக்கிறது. இதைப் பற்றித் தனியாக ஒரு நாள் கேளுங்கள், விடிய விடியப் பேசுவேன்.

ஓசூர் திவ்யா: பழைய நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும்?

சேலம் கவிதாவுக்கு எழுதியதைப் பாருங்கள். அது மூடி ரொம்ப நாளாயிற்று.

விருதுநகர் அய்யனார்: சார், பை...

டோக்கன்.

திருப்பூர் செல்வி: அண்ணா, கடைசியாக ஒன்று. ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னீர்களே, எங்கே உட்காருவது? அரபி தெரியாதே.

ஆங்கிலப் புத்தகம் நிறைய உண்டு. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு இன்னும் கொண்டாட்டம், பிரான்ஸ் தேசிய நூலகம் 2010 வாக்கில் ஐந்து லட்சம் புத்தகம் கொடுத்தது. மாடத்துக்கு நேர் கீழே உட்காராதீர்கள், வழிகாட்டிகளின் குரல் தலையில் விழும். படி இறங்கி வரலாற்றுத் தட்டுக்குப் போய்ச் சுவர் ஓரம் பிடியுங்கள். என் வழக்கமான நாற்காலியின் இடது கைப்பிடி கொஞ்சம் ஆடும்.