முதுகுல பையா, கையில பெட்டியா?

கடிதம்:

அண்ணா வணக்கம். நான் பர்மா மோல்மேன் ஊர் பொண்ணு, ரங்கூன்ல ஒரு கம்பெனில கணக்கு பாக்குறேன், வயசு 27. நாலு வருஷமா சேத்து வச்ச காசுல நவம்பர்ல கிளம்பி 7 மாசம் சுத்திட்டு வரலாம்னு இருக்கேன். முதல்ல பாங்காக், அங்கேருந்து ரயில்லயே ஹட்யாய், பினாங்கு, கோலாலம்பூர், அப்புறம் ஃப்ளைட்ல சென்னை, தஞ்சாவூர், காரைக்குடில பெரியம்மா வீடு, கடைசில யாழ்ப்பாணம். மார்ச்ல அம்மாவும் நேரா பெரியம்மா வீட்டுக்கு வர்றாங்க. பிரச்சினை என்னன்னா, அம்மா சக்கரம் வச்ச பெரிய பெட்டிதான் வாங்கணும்னு நிக்கிறாங்க. "உங்க தாத்தா முதுகுல சுமந்தது போதாதா, நீயும் மூட்டை கட்டிக்கிட்டு போகணுமா"ன்னு அழுறாங்க. பெரியம்மா வீட்டுக்கு கைலி, லப்பே (ஊற வச்ச தேயிலை), தனக்கா (முகத்துல பூசுற மரப்பட்டை)ன்னு ஒரு பெரிய லிஸ்ட் வேற. ஃபிரண்ட்ஸ் எல்லாம் பேக்பேக்தான்கிறாங்க. எத வாங்கட்டும்?

பதில்:

தங்கச்சி, உங்க அம்மா சொன்ன அந்த வார்த்தைதான் ரெண்டு நாளா மனசுல ஓடிக்கிட்டே இருக்கு, அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க அப்பா அரிசி மில்லுல மூட்டை தூக்கினவர். கரைக்கும் படகுக்கும் நடுவுல ஒரு பலகை போட்டிருக்கும், 50 கிலோ மூட்டையோட அது மேல நடக்கணும், ஒரு நாளைக்கு எத்தன நடைன்னு அவர் கணக்கு சொன்னதே இல்ல. அவர் பின்கழுத்துல தோல் தடிச்சு கருத்து, நுகத்தடி பட்ட மாடு மாதிரி இருக்கும். சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சு விடறப்ப என் விரல் அந்த இடத்துக்கு வந்ததும் தானா நின்னுடும். உங்க வீட்டுலயும் அப்படி ஒரு கழுத்த அம்மா பாத்திருப்பாங்க. பாக்குறவங்க என்ன சொல்வாங்கன்னு மட்டும் அவங்க பயப்படறதா எனக்குத் தோணல, அந்தக் கழுத்து உங்களுக்கு வந்துடக் கூடாதுன்னுதான் அழுறாங்க.

அதனால இத முதல்ல தெரிஞ்சுக்கங்க, நல்ல பேக்பேக்குல பாரம் கழுத்துக்குப் போகவே கூடாது. இடுப்புல தடிச்ச பெல்ட் ஒண்ணு இருக்கும், அது வயித்து மேல இல்ல, ரெண்டு பக்கமும் இடுப்பெலும்பு மேல உக்காரணும். அத முதல்ல இறுக்கிப் பூட்டிட்டு அப்புறம்தான் தோள் வார இழுக்கணும். அப்படி மாட்டினா பாரத்துல பெரும்பங்கு இடுப்பு வழியா காலுக்கு இறங்கிடும், தோள் வார் பை பின்னாடி சாயாம புடிச்சுக்கிட்டா போதும். கடையில லிட்டர் மட்டும் கேட்டு வாங்கிடாதீங்க. தலையக் குனிஞ்சா பின்கழுத்துல ஒரு எலும்பு முண்டா துருத்தும், அங்கேருந்து இடுப்பெலும்போட மேல்மட்டம் வரைக்கும் டேப் வச்சு அளக்கணும், அதுதான் பைக்கு வேண்டிய அளவு, உங்க உயரம் இல்ல. ரோட்டோரத்துல பெரிய பிராண்ட் பேர் தச்சு விக்கிற பையில பாருங்க, இடுப்பு பெல்ட்ங்கற பேர்ல வெறும் ரிப்பன் மாதிரி ஒரு நாடா தொங்கும், அதுல பாரம் பூரா தோள்லதான். அத வாங்குறதுக்கு அம்மா சொல்ற பெட்டியே தேவலாம்.

பெட்டி கெட்டதுன்னு நான் சொல்லல. ஆனா அது எந்த தரைக்குப் பொறந்ததுன்னு பாக்கணும். பெர்னார்ட் சாடோங்கற அமெரிக்கர் 1972ல பெட்டிக்கு சக்கரம் வச்சு பேட்டன்ட் வாங்கினார், இப்ப எல்லாரும் இழுத்துட்டுப் போற நீட்டுக் கைப்பிடி மாடல் 1987ல ராபர்ட் பிளாத்ங்கற விமான பைலட் செஞ்சது. பைலட் நடக்குற தரை ஏர்போர்ட் தரை, கண்ணாடி மாதிரி இருக்கும். நம்ம ரங்கூன் நடைபாதை எப்படின்னு உங்களுக்கே தெரியும், சாக்கடைக்கு மேல போட்ட சிமெண்ட் பலகை ஒண்ணு தூக்கிட்டு நிக்கும், அடுத்தது உள்ள விழுந்து கிடக்கும்.

நான் இத பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். தங்கச்சி கல்யாண சாமானோட 28 இஞ்ச் பெட்டி ஒண்ண ஜூலை மாசம் ரங்கூன் ஆங் மிங்கலா பஸ் ஸ்டாண்டுல இழுத்துட்டுப் போனேன், ஜல்லியும் சேறுமா இருந்துச்சு. பாதி வழியில ஒரு சக்கரம் நின்னு போச்சு. குனிஞ்சு பாத்தா அச்சுல நூலு, யாரோட தலைமுடியோ, சேறு எல்லாம் கயிறு மாதிரி சுத்தியிருக்கு, சுத்தாமலே இழுத்ததுல சக்கரம் ஒரு பக்கம் தேய்ஞ்சு தட்டையாயிருக்கு. 23 கிலோ பெட்டிய தலையில வச்சுத்தான் பஸ்ஸுக்குக் கொண்டு போனேன், ரெண்டு நாள் கழுத்து திரும்பல. உங்க அம்மா எதுக்கு பயப்படறாங்களோ அது எனக்கு பெட்டியாலதான் வந்துச்சு.

இப்ப உங்க ரூட்ட பாருங்க. பாங்காக்ல ஏறி மலேசியா எல்லையில இருக்குற பாடாங் பெசார் வந்து, பார்டர்ல பாஸ்போர்ட் முத்திரைய முடிச்சு, மலேசியா ரயில் மாறி பட்டர்வொர்த்ல இறங்கி, ஃபெர்ரி புடிச்சு பினாங்கு ஜார்ஜ் டவுன் போகணும். சென்னையில எழும்பூர் மேம்பாலப் படி ஏறி இறங்கி தஞ்சாவூர் வண்டி. ஒவ்வொரு எடத்துலயும் தூக்கணும், தூக்கி விட ஆள் இல்ல. இந்தியா ரயில்ல பெட்டிய கீழ் பெர்த்துக்கு அடியில தள்ளி அங்க இருக்குற வளையத்துல சங்கிலி போட்டு பூட்டணும், பெரிய கெட்டிப் பெட்டி சில சமயம் உள்ளயே போகாம நடைவழில துருத்திக்கிட்டு நிக்கும், துணிப் பைன்னா அமுங்கி போயிடும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. குறைஞ்ச விலை ஃப்ளைட்ல பெரும்பாலும் கைச்சாமான் 7 கிலோதான், நம்ம பர்மா கணக்குக்கு நாலே கால் வீசை. சின்ன சக்கரப் பெட்டியே காலியா இரண்டரை, மூணு கிலோ இருக்கும், 40 லிட்டர் பை ஒண்ணு, ஒண்ணரை கிலோதான். நீங்க 40 லிட்டருக்கு மேல போகாதீங்க, 60 வாங்கினா 60ம் ரொம்பிடும். மேல் வாயில கயிறு கட்டுற பை வேண்டாம், அடியில இருக்குற துணிக்காக எல்லாத்தையும் வெளிய கொட்டணும், பெட்டி மாதிரி முன்பக்கம் முழுசா ஜிப் திறக்கறது பாருங்க. கனமான சாமான முதுக ஒட்டி நடுவுல வைங்க. ஒரு பழைய கைலி கட்டாயம் எடுத்துக்கங்க, துண்டு, போர்வை, குளிக்கிற கட்டு எல்லாம் அதுதான். பவர் பேங்க் எப்பவும் கையோடதான், ஒருவேளை ஃப்ளைட் வாசல்ல பைய வாங்கி அடியில போட்டாங்கன்னா முதல்ல அத வெளிய எடுத்துடுங்க.

மழைய மறந்துடாதீங்க. நம்ம பக்கம் அக்டோபரோட முடியுது, ஹட்யாய் பக்கம் நவம்பர், டிசம்பர்லதான் உச்சம், 2010 நவம்பர்ல ஊரே முங்குச்சு. மழை உறை முதுகுப் பக்கத்த மூடாது, தண்ணி வார் வழியா உள்ள இறங்கும், அதனால துணி எல்லாத்தையும் ஒரு தடிச்ச பிளாஸ்டிக் பையில கட்டி உள்ள வைங்க.

முதுகுல டிஸ்க் பிரச்சினை இருந்தா, இல்ல ஒரே வீட்டுல மூணு மாசம் தங்கப் போறீங்கன்னா நானே பெட்டி வாங்குங்கன்னு சொல்லியிருப்பேன். உங்க பயணம் அப்படி இல்ல, அதனால நீங்க பைய வாங்குங்க, பெட்டிய அம்மாவுக்கு வாங்கிக் கொடுங்க. அவங்க ரங்கூன்ல ஏறி நேரா பெரியம்மா வீட்டு வாசல்ல இறங்கப் போறாங்க, சக்கரப் பெட்டிக்கு அதவிட நல்ல பயணம் கிடையாது. லிஸ்ட்ல இருக்குற கைலி, லப்பே, தனக்கா எல்லாம் அதுல வரட்டும், நாலு மாசம் நீங்க ஏன் அத தாய்லாந்து, மலேசியா எல்லாம் தூக்கிட்டுத் திரியணும். பெரியம்மா திருப்பிக் கொடுக்குற சேலையும் ஊறுகாயும் அம்மா பெட்டியிலயே திரும்பிடும்.

பை வாங்கினதும் மார்க்கெட்ல நாலு வீசை பருப்பும் வெங்காயமும் வாங்கி அதுல போட்டு, உங்க ரூம் மாடிப்படி மூணு தடவ ஏறி இறங்குங்க, அப்புறம் ரோட்டுல அரை மணி நேரம் நடங்க. தோள் வலிச்சா பெல்ட்ட சரி பண்ணுங்க, அப்பவும் வலிச்சா கடைக்காரர்கிட்ட பைய மாத்திக்கங்க. அடுத்த தடவ மோல்மேன் போறப்ப அதே பைய அம்மா முதுகுல மாட்டி, இடுப்புல பெல்ட்ட நீங்களே பூட்டி விடுங்க, கழுத்துல பாரம் ஏறுதான்னு அவங்களே சொல்லட்டும்.